மாவுப்பூச்சியை மடக்கிய குட்டிக் குளவி!

பப்பாளி மரத்தில் மாவைக் கொட்டியது போல வெள்ளையாக அப்பியிருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் மாவுப்பூச்சி. சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். 2008-ம் ஆண்டு கோவையில் தலைகாட்டியது. மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மல்பெரி இலை போனால் பட்டுப்புழுவுக்குச் சாப்பாடு ஏது?

விவசாயிகள் மருந்து அடித்தார்கள். மீண்டும் அடித்தார்கள். பூச்சிக்கு மெழுகுப் போர்வை இருக்கிறது. மருந்து உள்ளே இறங்கவில்லை. காசுதான் கரைந்தது.

குளவி வந்தது

2010-ல் பெங்களூர் விஞ்ஞானிகள் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்து ஒரு குளவியை வரவழைத்தார்கள். எறும்பைவிடச் சிறியது. மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். பொரிக்கும் புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும்! கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதை வளர்த்துக் கொடுத்தது. மாவுப்பூச்சி அடங்கியது.

ஆனால் ஒரு சங்கடம். நீங்கள் குளவி விடுகிறீர்கள். பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து அடிக்கிறார். என்ன ஆகும்? குளவிதான் முதலில் சாகும். ஆகவே, “மருந்து வேண்டாம்” என்ற சேதியும் குளவியோடு ஊர் ஊராகப் போகவேண்டி இருந்தது. குளவியை வளர்ப்பதைவிட இதுதான் சிரமம் என்பேன். மருந்து அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா?

இன்னொரு பூச்சி

2020-ல் மரவள்ளியில் வேறொரு மாவுப்பூச்சி வந்தது. பார்வைக்கு அதே வெள்ளை. பழைய குளவி இதைத் தீண்டாது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து வேறு குளவி வந்தது. 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதை விட்டார்கள்.

உங்கள் தோட்டத்தில் வெள்ளை தெரிந்தால், ஓர் இலையைப் பையில் கட்டி வேளாண்மை அலுவலகத்தில் காட்டுங்கள். எந்தப் பூச்சி என்று சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.