யார் போட்ட டிராயிங்?

முப்பது தாண்டிய ஒருவனைப் பற்றி "அவன் கேம் ஆடுறான்பா" என்று சொல்லும்போது நம் ஊரில் குரல் கொஞ்சம் தாழும். குடிக்கிறான் என்பதற்கு ஒரு படி கீழே வைக்கப்பட்ட குற்றம் அது. நான் ஆடுவது கேம்தான், மறுக்கவில்லை. கணினியில் பந்தயக் கார்களை வடிவமைத்து, ட்யூன் செய்து, இருபது முப்பது பேர் உள்ள ஒரு குழுவின் போட்டிக்கு அனுப்புகிறேன். பரிசு எதுவும் கிடையாது. ஆனால் இதை வெட்டி வேலை என்று ஒதுக்குகிறவர்களோடு, முக்கியமாக என்னைப் போலவே பொறியியல் படித்துவிட்டு ஒதுக்குகிறவர்களோடு, எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். குனோஸ் சிமுலாசியோனி என்ற இத்தாலிய நிறுவனம் 2014இல் முழுமையாக வெளியிட்ட 'அசெட்டோ கோர்சா'வில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். அதில் கார் என்பது ஒரு ஃபோல்டர். கண்ணுக்குத் தெரிகிற பளபளப்பான உடம்பு வெறும் சட்டை. வண்டியின் உயிர் சில டெக்ஸ்ட் ஃபைல்களில் இருக்கிறது. எடை முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு. விஷ்போன்கள் சட்டகத்தில் சேரும் புள்ளிகள் எங்கே. ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு. எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டார்க். எல்லாமே எண்கள், நோட்பேடில் திறந்து மாற்றலாம். மாற்றிவிட்டு ஓட்டினால், நீங்கள் எழுதிய எண் உங்களை முதல் வளைவிலேயே புல்லுக்குள் தள்ளும்.

இங்கே டிசைன் வேறு, செட்டப் வேறு. யாரோ செய்த காரில் டயர் காற்றையும் விங் கோணத்தையும் திருகுவது செட்டப். அந்தக் காரே ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பது டிசைன். கேமிலிருந்து பந்தயத்துக்குப் போனவர்களின் கதை என்றால் உலகம் முழுக்க ஓட்டுநர் கதைதான். கிரான் டூரிஸ்மோ ஆடி, 2011இல் ஜிடி அகாடமியில் ஜெயித்து, நிஜப் பந்தயக்காரர் ஆன ஜான் மார்டன்பரோ பற்றி 2023இல் ஹாலிவுட்டில் படமே வந்துவிட்டது. ஃபைலைத் திறந்து எண்ணோடு மல்லுக்கட்டியவனைப் பற்றி யாரும் படம் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் ஓடாது என்பது வேறு விஷயம்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி போகும் ஜிஎன்டி சாலையில் சோழவரம் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது அந்த ஓடுபாதையில்தான். விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் என்சைன் காரைக் கொண்டுவந்து ஓட்டியது அங்கே. அந்தப் பணக்காரக் கதை எனக்கு முக்கியமில்லை. ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப்போட்டு, தலையைச் சீவி, எடையைக் குறைத்து, ஒர்க்‌ஷாப்பிலேயே பந்தயக் கார் ஆக்கிய ஆட்களும் அங்கேதான் இருந்தார்கள். அங்கே ஓட்டிய கோவைக்காரர் கரிவரதன், மாருதி 800இன் மூன்று சிலிண்டர் 796 சிசி இஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைத் தானே வடிவமைத்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது அந்த வகைக் காரில். 1995இல் கரிவரதன் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையம் பந்தயத் தடம் அவர் பெயரில் இருக்கிறது.

இப்போது 2024க்கு வாருங்கள். ஆகஸ்ட் கடைசி நாளும் செப்டம்பர் முதல் நாளும் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருப் பந்தயம் நடந்தது. வெளிச்சம், கூட்டம், பெருமை எல்லாம் இருந்தது. இந்தியன் ரேசிங் லீகில் ஓடியது இத்தாலியின் வுல்ஃப் கார். ஃபார்முலா 4இல் ஓடியது பிரான்சின் மைகேல். எல்லோருக்கும் ஒரே கார், மாற்ற அனுமதி மிகக் குறைவு. செலவு கட்டுக்குள் இருக்கும், ஓட்டுநரின் திறமை தெரியும் என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் சோழவரத்தில் ஏழை மெக்கானிக்குகூட இருந்த ஒரு உரிமை, காரை மாற்றிப் பார்க்கும் உரிமை, அந்த வெளிச்சத்தில் எங்குமே இல்லை. யாரும் அதைத் தேடவும் இல்லை.

தேடாததற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு அது பழகிவிட்டது. 1998இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் தயாரிக்க ஆரம்பித்தது. அதே ஆண்டுகளில் டாமி மாக்கினென் லான்சர் எவல்யூஷனில் தொடர்ந்து நான்கு முறை, 1996 முதல் 1999 வரை, உலக ராலி சாம்பியன். உலகமே போஸ்டர் ஒட்டிக்கொண்ட காரின் உறவுக்காரன் நம்ம திருவள்ளூரில் உருண்டு வெளியே வந்தான். டிராயிங் ஜப்பானில் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டுகிற மில், ஃபவுண்டரி, மெஷின் ஷாப் என்று எது எடுத்தாலும் பெரும்பாலும் இதே கதைதான்: டிராயிங் வரும், ஜாப் போகும். வெள்ளிவாயல்சாவடியில் அசோக் லேலண்டின் தொழில்நுட்ப மையம் மாதிரி விதிவிலக்குகள் இதே மாவட்டத்தில் உண்டு. ஆனால் அந்தக் கேட்டுக்குள் எத்தனை பேர் போக முடியும்?

எங்கள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறான். டிப்ளமோ முடித்தவன், சிப்காட்டில் ஒரு ஷாப்பில் விஎம்சி மெஷினில் ஷிப்ட். ஸ்டீரிங் நக்கிள் ஓட்டுகிறான். டை ராடு சேரும் ஓட்டை இருக்க வேண்டிய இடத்துக்கு 0.05 மில்லிமீட்டர்தான் விலகல் அனுமதி. தாண்டினால் க்யூசி ரிஜெக்ட், அப்புறம் திட்டு. ஏன் அவ்வளவு கறார் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. போன போட்டிக்கு, கரிவரதன் நினைவாக, மூன்று சிலிண்டர் 800 சிசி ஒற்றை இருக்கைக் கார் என்று விதி வைத்தோம். அவன் காரைப் புதிதாக வரைந்தான். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு வாய்ஸ் மெசேஜ்: "ணா, ஒரு வீல் மேட்டுல ஏறுனா வண்டி தானா திரும்புதுணா. நான் ஸ்டீரிங்க தொடவே இல்ல."

காரணத்தை நான் சொல்லவில்லை. மூன்று ராத்திரி எடுத்தான். சக்கரம் மேலே போகும்போது ஒரு வில் வரைகிறது, டை ராடின் முனையும் ஒரு வில் வரைகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் ஏறும்போதே திரும்பிவிடும். பம்ப் ஸ்டீர் என்பார்கள். அவன் டை ராடின் உள்முனையை எட்டு மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருந்தான். கீழே இறக்கினான், வண்டி நேராகப் போனது. அடுத்த ஷிப்டில், தினமும் பார்க்கிற அந்த நக்கிளின் ஓட்டையை அவன் வேறு மாதிரி பார்த்திருக்கிறான். சூப்பர்வைசரிடம் போய், சார், இது பம்ப் ஸ்டீருக்காகவா என்று கேட்டிருக்கிறான். கிடைத்த பதில்: "டிராயிங்ல இருக்கு, போடு. ரொம்ப யோசிக்காத."

அந்த சூப்பர்வைசர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடமும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் கோபம், இந்தத் தம்பி மூன்று ராத்திரி செய்ததைக் "கேம்" என்று சொல்லிச் சிரித்த பொறியாளர்கள் மேல். அதில் இருவர் மெக்கானிக்கல் பட்டதாரிகள். பம்ப் ஸ்டீர் என்றால் என்ன என்று கேட்டேன். பரீட்சைக்குப் படித்ததாக ஞாபகம் என்றார்கள்.

நிஜமாகவே கார் கட்டுகிற மாணவர் போட்டிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. கரி தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் நல்ல போட்டி. அதற்குக் கல்லூரி வேண்டும், ஸ்பான்சர் வேண்டும், பல லட்சம் ரூபாய் வேண்டும். நான்கு வருடம் முடிந்தால் கதவு சாத்திவிடும். ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு அங்கே இடமில்லை.

"அது நிஜமில்லையே" என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. டயர் என்பது பெரிய தலைவலி. உண்மையில் ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்பதை முழுதாகச் சமன்பாட்டில் அடைக்க இன்னும் யாராலும் முடியவில்லை. நெதர்லாந்தின் பசேக்கா உருவாக்கி, உலகமே பயன்படுத்தும் டயர் சூத்திரத்துக்கு அவர்களே வைத்த பெயர் 'மேஜிக் ஃபார்முலா'. சோதனையில் கிடைத்த அளவுகளுக்குப் பொருந்துகிற வளைகோடு அது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. சாஃப்ட்வேர் உங்களைத் தடுக்காது. எடை மையத்தை ரோட்டுக்கு அடியில் வைத்தால்கூட கார் ஓடும், அற்புதமாக ஓடும். அதனால்தான் எங்கள் போட்டியில் காரோடு விளக்கத் தாளும் வர வேண்டும். இஞ்சின் எடை எங்கிருந்து எடுத்தாய், இந்தக் குழாய் இவ்வளவு பாரம் தாங்குமா, டிரைவரின் முழங்கால் எங்கே போகும் என்று மற்றவர்கள் குடைவார்கள். நான் வேலை பார்த்த எந்த ஆபீஸ் ரிவ்யூவிலும் இவ்வளவு நேர்மையான குடைச்சலைப் பார்த்ததில்லை.

ஆனால் என் ஆட்களையும் விட்டுவைக்க முடியாது. சிம் ரேசிங் முழுக்க இப்போது செட்டப் வியாபாரம் நடக்கிறது. மாதச் சந்தா கட்டினால், இந்தக் காருக்கு இந்தத் தடத்துக்கு இந்த ஃபைல் என்று வந்துவிடும். போட்டு ஓட்டினால் அரை நொடி குறையும். ஏன் குறைந்தது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சிப்காட்டில் சம்பளத்துக்காகச் செய்வதை இங்கே காசு கொடுத்துச் செய்கிறார்கள். யாரோ போட்ட டிராயிங், நீ போடு, ரொம்ப யோசிக்காதே. இவர்கள்தான் நாளைக்கு "சிம் ரேசிங்கும் ஸ்போர்ட்தான், மதிக்கணும்" என்று மைக் பிடிப்பார்கள்.

போன போட்டியில் தகுதிச் சுற்றில் எல்லோரையும் விட வேகமாக வந்த காரின் சஸ்பென்ஷன் எண்கள் வேறொருவர் உருவாக்கிய மாடிலிருந்து அப்படியே எடுத்தவை. ரோல் சென்டர் ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டோம், பதில் இல்லை. கிரிட்டில் நிற்க விடவில்லை. அவர் எங்களை "பரீட்சை வைக்கிற வாத்தியாருங்க" என்று திட்டிவிட்டுக் குழுவை விட்டுப் போனார். தம்பியின் கார் ஒன்பதாவதாக முடித்தது. பம்ப் ஸ்டீர் போய்விட்டது, ஆனால் பின்பக்கம் இன்னும் வழுக்குகிறது. டேம்பர் என்கிறான் அவன். எனக்கென்னவோ எடைப் பங்கீட்டில்தான் சந்தேகம். இந்த சனிக்கிழமை ஃபைலைத் திறக்கிறோம்.