அச்சுக் கையேட்டில் விளம்பரம்: சிறு வணிகர் போட வேண்டிய கணக்கு

புதிய நிதியாண்டு பிறக்கும் தறுவாயில் சிறு வணிகர்களை நாடி ஒரு வேண்டுகோள் வருவது வழக்கம். "வணிக விவரக் கையேடு அச்சாகிறது, தங்கள் நிறுவனத்திற்கு அரைப் பக்கம் ஒதுக்கி வைத்துள்ளோம்" என்பதே அது. நம் வங்கியில் கடன் பெற்றுத் தொழில் நடத்தும் வாடிக்கையாளர்கள் பலருக்கும் இச்செலவு தகுமா என்ற ஐயம் எழுகிறது. கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கும் காலத்தில் அந்த ஐயம் நியாயமானதே.

எமது கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறோம். எல்லாத் தொழில்களையும் ஒன்றாகத் தொகுத்து எல்லார்க்கும் வழங்கும் பொதுக் கையேட்டில் பணம் கொடுத்து விளம்பரம் செய்வது சிறு வணிகருக்கு இனி ஆதாயம் தருவதரிது. தம் பொருளை வாங்குவோர் மட்டுமே புரட்டிப் பார்க்கும் கையேடாயின், இன்றும் அச்செலவு தகும். இவ்விரண்டையும் பிரித்தறியும் வழி கணக்கேயன்றி விருப்பு வெறுப்பு அன்று.

பொதுக் கையேட்டின் பழைய வலிமை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்குவோம். உலகின் முதல் தொலைபேசி விவரப் பட்டியல் 1878ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளியாயிற்று. ஒரே தாளில் அச்சான அதில் இடம்பெற்ற பெயர்கள் ஏறத்தாழ ஐம்பதே. வணிகர்களைத் தொழில்வாரியாகத் தொகுக்கும் 'மஞ்சள் பக்கங்கள்' அதன் பின்னர் வளர்ந்தவை. நம் நாட்டில் மும்பை, தில்லி நகரங்களில் மகாநகர் டெலிபோன் நிகாம் நிறுவனம் 1987 வரை வெறும் வெள்ளைப் பக்கங்களையே வெளியிட்டது. அதன் பின்னரே, மஞ்சள் பக்கங்களில் விளம்பரம் பெற்று அந்த வருவாயில் கையேட்டை அச்சிடும் பொறுப்பு ஒப்பந்ததாரர்களிடம் விடப்பட்டது. டாட்டா பிரஸ் நிறுவனம் தனியே மஞ்சள் பக்கங்களை வெளியிட்டபோது எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வணிக விளம்பரமும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு காக்கும் பேச்சுரிமையில் அடங்கும் என்று அந்நீதிமன்றம் 1995 ஆகஸ்ட் 3 அன்று தீர்ப்பளித்தது. நீதிமன்றப் படியேறிப் போராடும் அளவுக்கு அன்று அந்தப் பக்கங்களுக்கு மதிப்பு இருந்தது.

அம்மதிப்பு அச்சினால் மட்டும் வந்ததன்று. தொலைபேசி இணைப்புப் பெற்ற ஒவ்வொரு வீட்டிற்கும் கடைக்கும் கையேடு தானே சென்று சேர்ந்தது. எண் வேண்டுவோர் அதைப் புரட்டியே ஆக வேண்டியிருந்தது; புரட்டுவோர் கண்ணில் விளம்பரமும் பட்டது. கைப்பேசி வந்ததும் நிலை மாறியது. கைப்பேசி எண்களைத் தொகுத்த பொதுக் கையேடு நம் நாட்டில் வெளிவரவில்லை. வீட்டுத் தொலைபேசி மறைய மறைய, கையேட்டை வீட்டுக்குள் சுமந்து சென்ற வாகனமே மறைந்தது. இங்கிலாந்தில் 1966இல் பிரைட்டன் நகரில் தொடங்கிய மஞ்சள் பக்கங்களின் அச்சுப் பதிப்பு, 2019 ஜனவரியில் அதே பிரைட்டன் நகரில் முற்றுப்பெற்றது.

இனி நம் குப்பத்திற்கு வருவோம். சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், இவ்வூர் ஆந்திர மாநிலத்தின் கடைக்கோடியில் உள்ளது. மேற்கே கர்நாடகத்தின் கோலார் மாவட்டம். தெற்கிலும் கிழக்கிலும் தமிழகத்தின் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் மாவட்டங்கள். மாவட்டத் தலைநகரான சித்தூரைவிடக் கிருஷ்ணகிரியும் கோலார் தங்கவயலும் இவ்வூருக்கு அருகில் உள்ளன. சென்னை–பெங்களூரு இருப்புப்பாதை ஊரின் வழியே செல்கிறது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கடைவீதியில் ஒலிக்கின்றன. திராவிடப் பல்கலைக்கழகம் 1997இல் இங்கு அமைந்ததும் இந்த மும்மொழிச் சந்திப்பை மனத்திற்கொண்டே.

மாவட்ட எல்லைக்குள் அடங்கும் கையேடு இத்தகைய ஊருக்கு எந்நாளும் முழுமையாகப் பொருந்தியதில்லை. குப்பத்தின் துணிக்கடைக்கோ இரும்புக் கடைக்கோ வரும் வாடிக்கையாளர் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வரலாம், தங்கவயலிலிருந்தும் வரலாம். அவர் கையில் சித்தூர் மாவட்டக் கையேடு இராது. மாறாக, இங்கிருந்து நெடுந்தொலைவில், மாவட்டத்தின் மறுகோடியில் அக்கையேட்டைப் பெறுபவர் சீயக்காய் வாங்கக் குப்பத்திற்கு வரப்போவதில்லை. வாங்க இயலாதவர் வீட்டில் கிடக்கும் பிரதிகளுக்கும் வணிகர் விலை கொடுக்கிறார். கையேட்டுக்காரர் இத்தனை ஆயிரம் பிரதிகள் என்று கூறும்போது, அவற்றுள் நம் கடைக்கு வரத்தக்க தொலைவில் எத்தனை உள்ளன என்று கேட்பதே முதற்கேள்வி.

அடுத்தது கணக்கு. எடுத்துக்காட்டாக, அரைப் பக்க விளம்பரத்திற்கு ஆண்டுக்கு ரூ.12,000 கட்டணம் என்று கொள்வோம். இங்குப் பலர் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. செய்தித்தாளில் விளம்பர இடம் வாங்கினால் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. ஆனால் அவ்வரிச் சட்டத்தின் கீழ் 'அச்சு ஊடகம்' என்ற வரையறையிலிருந்து வணிகக் கையேடுகளும் மஞ்சள் பக்கங்களும் விலக்கப்பட்டுள்ளன. ஆகவே அவற்றில் செய்யும் விளம்பரத்திற்கு வரி 18 விழுக்காடு. செலவு ரூ.14,160 ஆகிறது. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வணிகர் இவ்வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற இயலாது. முழுத்தொகையும் அவர் கையிலிருந்தே போகும்.

அவ்வணிகருக்கு விற்பனையில் 15 விழுக்காடு மொத்த இலாபம் நிற்கிறது எனில், ரூ.14,160 திரும்பி வர ரூ.94,400 அளவுக்குப் புதிய விற்பனை நிகழ வேண்டும். அதாவது மாதம் ஏறத்தாழ ரூ.7,870. அதுவும் அந்த விளம்பரத்தைக் கண்டு வந்தவர்களால் மட்டும் நிகழ வேண்டும். வழக்கமாக வருவோர் வாங்குவது இதில் சேராது. இத்தனையும் நடந்தால் செலவு ஈடாகுமேயன்றி, இலாபம் அதற்கு மேல்தான். பணம் ரொக்கக் கடன் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டால் வட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மளிகைக் கடையும் மருந்துக் கடையும் இந்த இலக்கை எட்டுவது கடினம் என்பது வெளிப்படை. அங்கு வாங்குவோர் தெருவைப் பார்த்து வருகின்றனர். கையேட்டைப் பார்த்து வருவதில்லை.

ஆயினும் அச்சை முற்றிலும் ஒதுக்கிவிடுவதும் பிழையாகும். குப்பம் வட்டாரம் கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. 'குப்பம் கிரீன்' என்னும் கல்வகை ஊரின் பெயரையே தாங்கி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. கல் அறுத்து மெருகேற்றும் பட்டறைக்கு வாங்குவோர் சிலரே. ஆனால் ஒரு கொள்முதல் ஆணையின் மதிப்பு பெரிது. பெங்களூரில் நடைபெறும் 'ஸ்டோனா' போன்ற கல்தொழில் கண்காட்சிகளுக்கு வருவோர் வாங்கும் நோக்குடனேயே வருகின்றனர். அத்தகைய இடங்களில் வழங்கப்படும் பங்கேற்பாளர் கையேட்டை அவர்கள் ஊருக்கு எடுத்துச் சென்று மேசையில் வைத்துப் புரட்டுவர். அதைக் கண்டு வரும் ஒரே ஆணை பல ஆண்டு விளம்பரச் செலவை ஈடு செய்துவிடக்கூடும். கட்டுமானப் பொறியாளர் சங்கக் கையேட்டில் மின்சாதன விற்பனையாளரும், பட்டு வளர்ப்போர் கூடும் இடத்தில் வழங்கும் குறுநூலில் தட்டும் மருந்தும் விற்பவரும் இடம்பெறுவது இவ்வகையைச் சேர்ந்ததே. பிரதிகள் முந்நூறே ஆனாலும், அவை சேரும் முந்நூறு பேரும் வாங்கத்தக்கவர்கள்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. நம் ஊர்களில் பணம் மிகுதியும் செல்வது அதற்கே. கங்கம்மன் ஜாத்திரை மலர், பள்ளி ஆண்டு மலர், சங்க மாநாட்டு மலர் ஆகியவற்றில் தரும் 'வாழ்த்துகளுடன்' விளம்பரம் வணிகத்திற்காகத் தரப்படுவதன்று, முகதாட்சணியத்திற்காகத் தரப்படுவது. அதைத் தவறென்று நாம் கூறவில்லை. சிற்றூரில் நல்லெண்ணமும் முதலே. ஆனால் அதை விளம்பரச் செலவு என்று எண்ணி மனத்தை ஏமாற்றிக்கொள்ளலாகாது. நன்கொடைக்கென ஆண்டுக்கு ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி, அதற்குள் கொடுப்பது நலம். அரசியல் கட்சிகள் வெளியிடும் மலர்களில் தரும் விளம்பரத்தை வருமான வரிக் கணக்கில் தொழிற்செலவாகக் கழிக்க இயலாது என்பதையும் நினைவில் கொள்க.

கையேட்டின் பெயரால் நிகழும் ஏமாற்றையும் கூறாமல் விட இயலவில்லை. 'தங்கள் விவரங்களைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு அனுப்புக' என்று படிவம் வரும். சிறிய எழுத்தில் பல ஆண்டுக் கட்டண ஒப்பந்தம் ஒளிந்திருக்கும். இத்தகைய கையேட்டு நிறுவனங்களைக் கண்டித்து ஐரோப்பிய நாடாளுமன்றமே 2008 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. இணைய விவரத் தளங்களில் பணம் செலுத்திச் சேர்வோரும் கவனிக்க வேண்டியது உண்டு. மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானே பிடித்தம் செய்துகொள்ளும் ஆணையில் கையொப்பமிடுமுன், தொகை எவ்வளவு, முடியும் நாள் எது என்ற இரண்டையும் படித்தறிக. வேண்டாதபோது கிளையில் எழுத்து மூலம் விண்ணப்பித்து அவ்வாணையை நிறுத்தலாம்.

இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதைப் பயன்படுத்தாமல் இருப்பது அதைவிடப் பெரிய இழப்பு. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், முகவரி, எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தேடுபவருக்கும் தங்கவயலிலிருந்து தேடுபவருக்கும் மாநில எல்லை தடையாவதில்லை. ஆனால் அங்கு வேறோர் இடர் உள்ளது. அச்சில் பிழையான எண் ஓராண்டு நிற்கும். இணையத்தில் எண்ணைப் பிறர் மாற்றிவிடவும் கூடும். தேடுபொறியில் போலி எண்களை இட்டு மக்களை ஏமாற்றும் முறையை இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு விளக்கியுள்ளது. எனவே கடைக்கு உரிமையாளர் தாமே என்று நிறுவிப் பதிவைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்வதும், மாதம் ஒருமுறை சரிபார்ப்பதும் இன்றியமையாதவை. போலி எண்ணால் பணம் இழந்தோர் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

எந்த விளம்பரமாயினும் அளந்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கல்லாப்பெட்டி அருகே ஒரு குறிப்பேடு வைத்து, புதிதாக வருவோரிடம் "எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டுக் குறித்து வருக. கையேட்டில் மட்டும் தனியொரு கைப்பேசி எண்ணைத் தந்தால் அழைப்புகளை எண்ணிவிடலாம். ஓராண்டு முடிவில் அக்குறிப்பேடு, மேலே கண்ட ரூ.94,400 போன்ற இலக்கை எட்டியதா என்பதைக் காட்டிவிடும். எட்டவில்லையெனில், மறு ஆண்டு முகவர் வரும்போது மறுக்கத் தயங்க வேண்டியதில்லை. குறிப்பேட்டை எடுத்துக் காட்டினால் போதும்.

கடன் வழங்குமுன் அப்பணம் எவ்வழியில் திரும்பும் என்று வங்கி கேட்பது வாடிக்கையாளர் அறிந்ததே. அதே கேள்வியை விளம்பரம் கேட்டு வருவோரிடமும் வணிகர்கள் கேட்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். விற்பனையில் நிற்கும் இலாப விகிதத்தைக் கணக்கிடுவதில் ஐயமிருப்பின், ஆண்டுக் கணக்கேட்டுடன் கிளைக்கு வருக. அரைமணி நேரத்தில் அக்கணக்கைச் சேர்ந்து முடித்துவிடலாம்.