ஆசிரியரின் இரவும் கலாநிதிப் பட்டமும்

பகலெல்லாம் வகுப்பறையில் நின்று கற்பித்துவிட்டு, இரவில் கல்வியியல் ஆய்வேடு எழுதும் ஆசிரியரைப் பற்றி நம்மிடையே இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. ‘எவ்வளவு உழைப்பு!’ என வியப்போர் ஒருசாரார். ‘பதவிக்கும் பெயருக்கு முன்னால் ஒரு பட்டத்துக்கும் அலைகிறார்’ என ஏளனம் செய்வோர் மறுசாரார். இவ்விரு சாராரும் ஒன்றை மறைக்கின்றனர். அவ்வாய்வினால் பயன்பெற வேண்டியது நாட்டின் கல்வி. அதற்கான செலவையும் நேரத்தையும் கொடுப்பவரோ தனியொரு ஆசிரியர். இது சுரண்டல் என்பதே எமது வாதம்.

மருதனார்மடத்தை எடுத்துக்கொள்வோம். பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் நிறுவிய மகளிர் கல்லூரி இங்கேதான் உள்ளது. 1960இல் இங்கு தோன்றிய இசைக் கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இசை நடன ஆசிரியர் பலரை நம் பாடசாலைகளுக்கு அளித்தது. (பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அதே இராமநாதன், டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.) பாடசாலையும் பல்கலைக்கழகப் பிரிவும் கூப்பிடு தொலைவில் இருக்கும் ஊர் இது. ஆயினும் பாடசாலையில் கற்பிப்பவர் உயராய்வுக்குச் செல்ல விரும்பின், அவருக்குத் திறந்திருக்கும் வழி தமது இரவும் தமது ஞாயிற்றுக்கிழமையும் மட்டுமே.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, உழைக்கும் மக்களின் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுசென்றது. அதன் பெருமையைக் குறைப்பவர் யாருமிலர். ஆனால் முதற் பட்டத்தோடு அந்த வாசல் சாத்தப்படுகிறது. அதற்கப்பால் முதுமாணிக்கும் கலாநிதிக்கும் கட்டணம் உண்டு. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஆசிரியரே அதைச் செலுத்தவேண்டும்.

கைலாசபதியும் சிவத்தம்பியும் பெர்மிங்ஹாம் சென்று, மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்று கலாநிதிகளாயினர். அதனைத் தனிமனித ஆசை என எவரேனும் சொன்னதுண்டா? தமிழாய்வின் போக்கையே அது மாற்றிற்று என்றுதான் சொல்கிறோம். பல்கலைக்கழக விரிவுரையாளருக்குச் சம்பளத்துடன் கூடிய கல்வி லீவு சேவையின் ஓர் அங்கம். பாடசாலை ஆசிரியர் அதே பட்டத்தை நாடினால் மட்டும் அது ‘சொந்த விஷயம்’ ஆகிவிடுவது எப்படி?

மேலைநாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டனர். 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டிலும், 1992இல் பிரித்தானியாவின் பிரிஸ்டலிலும் கல்வித் தொழிலில் இருப்போருக்கெனத் தனிக் கலாநிதிப் பட்டம் வகுக்கப்பட்டது. இன்று அவ்வகைப் பட்டங்கள் பலவற்றில் ஒரே ஆண்டில் சேர்வோர் ஓர் அணியாகப் பயில்கின்றனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறை கூறுகின்றனர். தத்தம் பாடசாலையின் பிரச்சினையையே ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றனர். வகுப்பறை ஆசிரியரே ஆய்வாளராதல் வேண்டும் என 1975இலேயே லோரன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் வற்புறுத்தினார். நூலகத்தில் தனித்திருந்து வாடும் பழைய ஆய்வு முறை, பகற்பொழுது முழுவதும் தன்வசம் உள்ளவனுக்கே ஏற்றது. ஓய்வின்றி உழைப்போருக்குத் தோழமை வேண்டும். ஆகவே அணிமுறையை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் எச்சரிக்கையோடு. ‘வேலையை விடாமலே கலாநிதி ஆகலாம்’ என்ற விளம்பரத்தின் உட்பொருள் யாது? உமது உறக்கத்தை நாம் விலைபேசுகிறோம் என்பதன்றி வேறென்ன? அணி என்பது கட்டணம் செலுத்துவோரின் கூட்டமாகச் சுருங்கிவிட்டால், தோழமை வெறும் அலங்காரச் சொல்லாகும். பெண் ஆசிரியரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பாடசாலை முடிந்து, விடைத்தாள் திருத்தி, அடுக்களையையும் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்த பின்னரே அவருடைய ஆய்வு தொடங்கும். 2022இல் நாடு நெருக்கடியில் மூழ்கி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, அந்த இரவும் அவருக்கு இல்லாமற் போயிற்று.

லீவு கொடுத்தால் வகுப்புக்கு யார் போவது என்று கேட்கின்றனர். நோயாளரைக் காரணங்காட்டி வைத்தியர்களின் மேற்படிப்பை இந்நாடு நிறுத்தவில்லையே! விசேட வைத்தியராகப் பயிலும் அரச வைத்தியர்கள் அரச சம்பளத்துடனேயே பயில்கின்றனர். அது முற்றிலும் நியாயமே. உடலுக்கு மருந்து கொடுப்பவருக்குப் பொருந்தும் நியாயம் பிள்ளைகளின் அறிவை வளர்ப்பவருக்குப் பொருந்தாதா?

1966 ஒக்ரோபர் 5ஆம் நாள் பாரிஸில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆசிரியர் அந்தஸ்துப் பற்றிய சர்வதேசப் பரிந்துரை, முழுச் சம்பளத்துடனோ பகுதிச் சம்பளத்துடனோ ஆசிரியருக்குக் காலத்துக்குக் காலம் கல்வி லீவு வழங்கவேண்டும் என்கிறது. அக்காலம் சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் கணக்கிடப்படவேண்டும் என்றும் கூறுகிறது. ஆண்டுதோறும் ஒக்ரோபர் 6இல் ஆசிரியர் தினம் கொண்டாடி மாலை சூட்டும் நம் அதிகாரிகள், அதற்கு முந்திய நாளின் இந்தப் பத்திரத்தை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் நன்று.

சம்பள முரண்பாட்டுக்காக 2021இல் மாதக்கணக்கில் போராடி, ஆசிரியரின் பலம் எத்தகையது என நாட்டுக்குக் காட்டிய தொழிற்சங்கங்கள் இதனையும் தம் கோரிக்கைகளில் சேர்த்தல் வேண்டும். கல்வியியல் ஆய்வில் ஈடுபடும் ஆசிரியருக்கு வாரத்தில் ஒருநாள் கற்பித்தலிலிருந்து விடுவிப்பு, ஆய்வேடு எழுதும் ஆண்டில் சம்பளத்துடன் லீவு, கட்டணத்தை அரசே ஏற்றல், ஆய்வின் முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்புதல். இவற்றைக் கேட்பதற்கு எந்த ஆசிரியரும் கூசவேண்டியதில்லை.