மாமாவின் பூபு

போன மாதம் மெந்தகாப்பில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கையில் ஒலிப்பதிவுக் கருவி.

"மாமா, நீங்க பூபு செய்யுறதைப் பத்தி வானொலியில பேசணும்" என்றேன்.

"பேசி என்னம்மா ஆகப்போகுது? அது கை செய்யுற வேலை" என்று சிரித்தார்.

பூபு தெரியும்தானே? மூங்கில் கீற்றுகளைப் பிரம்பால் கட்டி, நீளக் கூடை போலச் செய்யும் மீன் பொறி. பிரம்பு என்றால் நம் ஊர் பாஷையில் ரோத்தான். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பள்ளிக்கூடமும் உள்ளங்கையும் ஞாபகம் வரும். "உங்க மாமா பிள்ளைங்களுக்கு ரோத்தான் எடுத்ததே இல்ல, எல்லாம் பூபுவுக்குத்தான்" என்றார் அத்தை.

பொறியின் சூட்சுமம் அதன் வாயில் இருக்கிறது. புனல் போல உள்நோக்கிக் குறுகும் வாய் அது. மீன் சுலபமாக நுழைந்துவிடும். திரும்ப முயன்றால் கீற்றுகளின் கூர்முனைகள் தடுக்கும். மலாயில் இதற்கு 'இஞ்சாப்' என்று பெயர். இருதய வால்வுக்கும் அதே சொல்தான்: 'இஞ்சாப் ஜந்தோங்'. ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது.

மாமா தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெரியவர் ஒருவரிடம் இதைக் கற்றுக்கொண்டார். சாயங்காலம் மண்புழுவோ கோழிக்குடலோ உள்ளே வைத்து, கால்வாயில் இறக்கி, மரக்குச்சி அடித்துக் கட்டிவிட்டு வருவார். விடிந்ததும் கெலி மீன். தமிழ்நாட்டில் தேளி என்பார்களே, அதே குடும்பம். மீசையும் உண்டு, பக்கத்துத் துடுப்பில் முள்ளும் உண்டு. குத்தினால் கடுக்கும்.

பூபுவை முழுக்க முக்கமாட்டாராம். ஒரு சாண் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். "இல்லன்னா காலையில செத்த மீனுதான் கிடைக்கும்" என்றார். காரணம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. கெலிக்குச் செவுளோடு, காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பும் இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து காற்று வாங்க வேண்டும். சேற்றிலும் அது பிழைப்பது அதனால்தான். உயிரியல் படிக்காத மாமா அதைத் தன் பொறியிலேயே வைத்திருந்தார்.

இப்போது சந்தைத் தொட்டிகளில் நெளிவது பெரும்பாலும் 1980களில் இங்கே வந்த ஆப்பிரிக்கக் கெலி. குளத்தில் வளர்த்து விற்கிறார்கள். மீனுக்குக் குறைவில்லை. மாமாவின் கடைசி பூபு மட்டும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மக்கிப்போய்க் கிடக்கிறது.

நிலையத்துக்குத் திரும்பி ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். நாற்பது நிமிடம். மூங்கில் பிளக்கும் சத்தம். நடுநடுவே மாமாவின் குரல்: "இப்படி… இல்லம்மா, இப்படி." அவ்வளவுதான். பேச்சையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, அதில் ஒளிபரப்ப ஒரு வரி தேறவில்லை. அவருக்கு எழுபத்து நான்கு வயது. கண் மங்கி வருகிறது. அந்த 'இப்படி' எப்படி என்று அவர் கைக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வாரம் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். நாள் முழுக்க உட்கார்ந்து இஞ்சாப் ஒன்று கட்டினேன். விரலில் இரண்டு சிராய்ப்பு. மாமா வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இதுல கெலி உள்ள வந்து, டீ குடிச்சிட்டு, சாவகாசமா வெளிய போயிடும்."

முழுவதையும் அவிழ்த்துப் போட்டார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனே ஒரு கீற்றை எடுத்து, "தாத்தா, இதை எங்க வைக்கணும்?" என்றான்.

உங்கள் வீட்டிலும் ஒரு மாமாவோ பாட்டியோ இருப்பார். முறமோ, கூடையோ, ஏதோ ஒன்று அவர் கையில் இருக்கும். இந்த வார இறுதியில் பேட்டி எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை கட்டிப் பாருங்கள். அவர் அவிழ்த்துப் போட்டாலும் பரவாயில்லை.

நாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மெந்தகாப் போகிறோம்.