புழுதியில் ஒரு முதலெழுத்து

பெரம்பலூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில்தான் இந்தக் காதல் கவிதைத் தொகுப்பும் அடிக்கப்பட்டிருக்கிறது. 72 பக்கம், 300 பிரதி, செலவு முழுக்கக் கவிஞருடையது. என் கைக்கு வந்த பிரதியின் பின்னட்டை ஓரத்தில் லேசாகத் தங்க மை ஒட்டியிருக்கிறது. அதற்கு முந்தைய வேலை ஏதோ முகூர்த்தப் பத்திரிகையாக இருக்க வேண்டும்.

முதல் முப்பது பக்கத்தைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் புரட்டினேன். நிலா, மழை, ஜன்னல், குடை, அப்புறம் கடல். கடல் மட்டும் ஏழு கவிதைகளில் வருகிறது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் கடற்கரை கிடையாது. கடல் இருந்தது, மறுக்கவில்லை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். காரை பக்கத்து ஓடைகளில் இன்றைக்கும் கிளிஞ்சல் கல்லாகக் கிடக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாய்ப் படுத்திருக்கிறது. அந்தக் கடலை எழுதியிருந்தால் நானே பத்துப் பிரதி வாங்கியிருப்பேன். இவருடையது சினிமாவில் பார்த்த கடல்.

அகத்திணையில் காதலரின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. ஆனால் நிலத்தைச் சொல்லாமல் பாட்டு நகராது. எந்த மரம், எந்தப் பூ, எந்தப் பொழுது என்று தெரிந்த பிறகுதான் தலைவி வாயைத் திறப்பாள். நம் காலத்துக் காதல் கவிதை இதைத் தலைகீழாக்கிவிட்டது. சமர்ப்பணப் பக்கத்தில் பெயரின் முதலெழுத்து இருக்கும், உள்ளே மண் இருக்காது. இந்தத் தொகுப்பிலும் பருத்தி இல்லை, மக்காச்சோளம் இல்லை, சின்ன வெங்காயப் பட்டறை இல்லை. இத்தனைக்கும் 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்த உ.வே.சா. சிறுவயதில் தமிழ் படித்த மண் இது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்டிருக்கிறார்.

இப்படியெல்லாம் மதிப்புரைக்குக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். 47ஆம் பக்கத்துக் கவிதை அதைக் கெடுத்துவிட்டது.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஓர் ஊர். லாரி போய்ப் போய் வேப்பிலைகூட வெளுத்துக் கிடக்கிறது. அவன் டீக்கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே போகிறான். திரும்பி வந்து பார்த்தால் சீட்டில் படிந்த புழுதியில் விரலால் எழுதிய ஒரே ஓர் எழுத்து. துடைக்க மனசில்லை. வீடு வரைக்கும் நின்றுகொண்டே ஓட்டிப்போகிறான். பதினோரு வரிக் கவிதை. கடைசி இரண்டு வரியில் அர்த்தம் சொல்லியிருக்கிறார், அதை வெட்டியிருக்கலாம்.

போன் போட்டேன். இப்படி எழுத வருகிறதே, மற்றக் கவிதைகளில் ஏன் ஊரையே காணோம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஊர்ப் பேரப் போட்டா தெரு தெரிஞ்சிடும்ண்ணே. தெரு தெரிஞ்சா அப்புறம் எல்லாம் தெரிஞ்சிடும்."

அந்த 'எல்லாம்' என்னவென்று ஊர்த்தெரு ஒரு பக்கமும் காலனி ஒரு பக்கமுமாக வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2013இல் தருமபுரி இளவரசன், 2016இல் உடுமலைப்பேட்டை சங்கர் என்று சாதி மீறி மணந்தவர்களின் சாவுச் செய்தி படித்துக்கொண்டே காதலிக்கக் கற்ற தலைமுறை இவருடையது. ஏழு கவிதைகளில் கடல் ஏன் வந்தது என்பது அப்போதுதான் பிடிபட்டது. சினிமாக் கடற்கரையில் யாருக்கும் தெரு கிடையாது. அதற்காக அந்த ஏழும் நல்ல கவிதை ஆகிவிடாது. அதையும் அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

போனை வைத்த பிறகு மறுபடியும் பின்னட்டைத் தங்க மையைப் பார்த்தேன். அந்த மை முதலில் விழுந்த பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயர், பெண்ணின் தாத்தா பெயர், இரண்டு பேர் ஊர், தாய்மாமன்கள் வரிசை என ஒன்று விடாமல் இருந்திருக்கும்.

47ஆம் பக்கத்துக் கவிதையை இந்த இதழில் மறுபடியும் வெளியிடுகிறோம். டீக்கடைக்கு எதிரே இருக்கும் கோயிலின் பெயர் புத்தகத்தில் தவறிப்போய் வந்துவிட்டதாம், எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டோம். கடைசி இரண்டு வரியையும் அவர் சம்மதத்தோடு வெட்டியிருக்கிறோம். புழுதி அப்படியே இருக்கிறது.