சொல்லக் கூசும் கொப்புளம்

சென்ற வாரம் ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு குழந்தைகள். மறைவிடத்தில் கொத்தாகக் கொப்புளம் கண்டதாம். டாக்டரம்மா 'ஹெர்ப்பீஸ்' என்றாராம். "பால்வினை நோய் என்கிறார்களே! அப்படியானால் என் கணவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார்.

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள், அம்மா. இந்தக் கிருமி உடம்பில் புகுந்ததும், முதுகுத் தண்டின் அடியில் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். வருஷக் கணக்கில் பேசாமல் கிடந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் தலையை நீட்டும். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. ஆகவே இன்று வந்த கொப்புளம், நேற்று நடந்த தப்புக்குச் சாட்சி ஆகாது.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் சிறு வயதிலேயே முத்தத்தின் மூலம் வந்து, உதட்டோரத்தில் கொப்புளிப்பது. அது கீழேயும் வரலாம். இரண்டாம் வகை தாம்பத்திய உறவால் வருவது. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், அதாவது 84 கோடிப் பேருக்கு மேல், மறைவிட ஹெர்ப்பீஸ் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல!

நம் பக்கத்தில் கொப்புளம் கண்டால் 'அக்கி' என்று சொல்லிக் காவி குழைத்து எழுதுவார்கள். கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே ஆறிவிடும். பெயரைக் காவி தட்டிக்கொண்டு போய்விடும்!

முதல் முறைதான் கடுமை. காய்ச்சல், உடம்பு வலி, தொடையிடுக்கில் நெறி கட்டுதல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரும். பிறகு வந்தால் இலேசாக வரும்; நாளடைவில் குறையும். 'அஸைக்ளோவிர்' என்ற மாத்திரையை ஆரம்பத்திலேயே தொடங்கினால் சீக்கிரம் ஆறும். அந்த மருந்து பிறந்த ஆராய்ச்சியில் முன்னின்றவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி. 1988-ல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளில் ஒருவர். கிருமியை அது அடியோடு ஒழிக்காது, அடக்கி வைக்கும். அடிக்கடி வருகிறவர்களுக்கு டாக்டர் தினசரி மாத்திரை கொடுப்பதும் உண்டு. அளவை அவரே சொல்லட்டும். நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை: தளர்ந்த பருத்தி உள்ளாடை அணியுங்கள். வெதுவெதுப்பான உப்பு நீரில் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுங்கள். சிறுநீர் கழிக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டால் எரிச்சல் குறையும். புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். புண் முழுவதும் ஆறும் வரை தாம்பத்தியம் வேண்டாம். மற்ற நாட்களில் ஆணுறை அபாயத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. வாளி, செம்பு, கழிப்பறை இவற்றால் பரவும் என்ற பயம் வேண்டாம்.

கர்ப்பிணிகள் மட்டும் ஒன்றை மறைக்கவே கூடாது. பழைய தொற்றானால் தாயின் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் குழந்தையையும் காக்கும். கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் குழந்தைக்குப் பேராபத்து. பிரசவ வலி எடுக்கும்போது புண் இருந்தால் டாக்டர்கள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுப்பார்கள். வெட்கப்பட்டு வாய் மூடியிருந்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடிதம் எழுதிய சகோதரிக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. கணவரையும் அழைத்துக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் போங்கள். கேட்க வேண்டியதை அவர் முன்னிலையில் இருவருமாகக் கேளுங்கள். ஒன்பது வருஷக் குடித்தனத்துக்கு ஒரு கொப்புளத்தை நீதிபதி ஆக்கிவிடாதீர்கள்.