பெயரில்லாத முகங்கள்



உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்கும் பத்திரங்களுக்கும் கீழே, ஒரு பழைய ஆல்பம் இருக்கக்கூடும். ஆல்பம் இல்லாத வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னாவது இருக்கும்; அதற்குள் ஓரம் மடங்கிய கருப்பு வெள்ளைப் படங்கள் கிடக்கும். பிழைப்புத் தேடி ஊரை விட்டு மும்பைக்கும் பெங்களூருக்கும் டில்லிக்கும் வந்தபோது தகரப் பெட்டியில் கொண்டுவந்த பொருள்களில், இன்று மிஞ்சியிருப்பவை அநேகமாக அவை மட்டுமே.

அவற்றை எடுத்து உங்கள் பேரப்பிள்ளைகளிடம் காட்டிப் பாருங்கள். மணமக்களை அடையாளம் சொல்வார்கள். பின்வரிசையில் தலைப்பாகையுடன் நிற்பவர் யார், தரையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். உங்கள் மகனுக்கும் மகளுக்குமே பாதிப் பேரைத்தான் தெரியும். ஊரிலேயே வளர்ந்திருந்தால், கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் கண்டு பழகி, முறை சொல்லி அழைக்கக் கற்றிருப்பார்கள். நகரத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. ஆகவே அந்த முகங்களுக்குரிய பெயர்கள் இன்று உங்கள் நினைவில் மாத்திரமே பத்திரமாக இருக்கின்றன. உங்களுக்குப் பின்னும் படம் இருக்கும்; ஆனால் அதில் இருப்பவர்கள் உங்கள் சந்ததிக்கு அந்நியர்களாகிவிடுவார்கள்.

பணி ஓய்வு பெற்ற பின் காலத்தை எப்படிக் கழிப்பது என்று கேட்கிறவர்களுக்கு, குடும்பப் படங்களைக் காப்பதும் புதிதாகப் படம் எடுக்கப் பழகுவதும் மிகவும் தகுந்த பணியாகும்.

இந்த வயதிலா?

"இந்த வயதில் கேமராவா?" என்று தயங்குகிறீர்களா? 1815-ல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணிக்கு, 1863-ம் ஆண்டு டிசம்பரில், அவருடைய 48-ம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அதற்கு முன் அவர் அந்தக் கலையை முறையாகப் பயின்றவர் அல்லர். இங்கிலாந்தில் ஒயிட் தீவிலிருந்த தம் வீட்டில், நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும், கோழிக்கூட்டைப் படம் எடுக்கும் கூடமாகவும் மாற்றிக்கொண்டு கற்றார். டார்வினையும் கவிஞர் டென்னிசனையும் அவர் எடுத்த படங்களை உலகம் இன்றும் போற்றுகிறது.

அவர் 1875-ல் இலங்கையில் குடியேறி, 1879-ல் அங்கேயே மரித்தார். அங்கு வாழ்ந்த எளிய மக்களையும் படம் எடுத்தார். அப்படங்களும் காக்கப்பட்டுள்ளன. ஆனால், இங்கிலாந்துப் பெரியோரின் படங்களில் பெயர் இருக்க, இலங்கை மக்களின் படங்கள் பலவற்றில் "களுத்துறைக் குடியானவர்கள்" என்பது போன்ற பொதுத் தலைப்பே உண்டு. அவர்கள் யார், யாருடைய பிள்ளைகள் என்று இனிக் கண்டறிய வழியில்லை. எளியவர்களின் பெயரை அவர்களுடைய சொந்த வீட்டார் எழுதி வைக்காவிட்டால் வேறு எவரும் எழுதமாட்டார்கள் என்பதை இதிலிருந்து நாம் அறிந்துகொள்ளலாம்.

முதல் வேலை பெயர் எழுதுவது

ஆகவே கேமராவைத் தொடுமுன் பென்சிலை எடுங்கள். படத்தைச் சுத்தமான மேசையில் கவிழ்த்து வைத்து, பின்புறத்தின் ஓரத்தில், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அதன் தடம் முன்புறம் புடைத்துத் தெரியும், மையும் ஊறும். பின்புறம் வழவழப்பாக இருக்கும் கலர் படங்களில் பென்சில் பதியாது. அவற்றை ஒவ்வொரு காகித உறையில் இட்டு, உறையின்மேல் எழுதலாம். படத்தை உள்ளே வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

"பெரியப்பா" என்று மட்டும் எழுதினால் போதாது. உங்களுக்குப் பெரியப்பா, உங்கள் பேரனுக்கு யாரோ. முழுப்பெயர், யாருடைய மகன், எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி என்று எழுதுங்கள். திருமணமா, ஞானஸ்நானமா, வீடு குடிபுகுந்த நாளா என்பதையும் சேருங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் "1970-ஐ ஒட்டி" என்று எழுதுவதே நேர்மை. ஊரில் இருக்கும் வயது முதிர்ந்த அத்தையிடமோ சித்தப்பாவிடமோ தொலைபேசியில் கேளுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆல்பத்தையும் கொண்டுபோங்கள். அத்தை பேசுவதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டால், பெயரோடு குரலும் மிஞ்சும்.

படங்களை அழிப்பவை

பழைய கருப்பு வெள்ளைப் படத்தின் உருவம் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. நம் வீட்டுப் படங்களில் சில, உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் "இந்து" தாளில் அச்சிட்டவையாகவும் இருக்கலாம். அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. ஈரம் படாமல் வைத்தால் அந்தப் படங்களோ இன்னும் பல்லாண்டு இருக்கும். கலர் படங்கள் சாயத்தால் ஆனவை. 1970-களின் கலர் படங்கள் பல சிவந்து போயிருப்பதற்குக் காரணம், அவற்றின் நீலச்சாயம் இருட்டில் இருந்தாலும் மெதுவாக மங்குவதே. எனவே முதலில் கலர் படங்களுக்கு நகல் எடுங்கள்.

பசைத் தாளும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்கள் நாளடைவில் படத்தைக் கறைப்படுத்தும். அதில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். மெழுகு பூசாத நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையே விட்டு மெள்ள மெள்ள அறுத்து எடுங்கள். வராவிட்டால் பலவந்தம் வேண்டாம். தாளோடு சேர்த்தே நகல் எடுங்கள். சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிய படத்துக்கும் இதுவே வழி.

தகரக் கூரையின் கீழுள்ள பரணும், மழைக்காலத்தில் ஓதமேறும் வெளிச்சுவரும், சமையல் புகை படும் இடமும் படங்களுக்கு ஆகாதவை. பீரோவின் நடுத்தட்டே நல்லது. தரைமட்டத்தில் வைப்பதன் ஆபத்தை, 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது மும்பைவாசிகள் கண்டார்கள். படங்கள் நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாதீர்கள். சேற்றைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முகம் மேலே இருக்கும்படி, காற்றோட்டமான நிழலில் பரப்புங்கள். ஒன்றோடொன்று ஒட்டியவற்றை உலரவிடாமல் நீரிலேயே பிரியவிடுங்கள். 2 நாள்களுக்குள் உலர்த்த முடியாதென்றால் பிளாஸ்டிக் பையிலிட்டுப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வையுங்கள். பிற்பாடு நிதானமாகப் பார்க்கலாம்.

நகலும் காப்பும்

நகல் எடுக்கச் செல்போனே போதும். ஜன்னலருகே, நேர் வெயில் படாத வெளிச்சத்தில், படத்தைச் சமதளமாக வைத்து, பிளாஷை நிறுத்திவிட்டு, செல்போனைப் படத்துக்கு நேர் மேலே சாயாமல் பிடித்து எடுங்கள். பின்புறம் எழுதியதையும் ஒரு படம் எடுங்கள். மிகச் சிறிய படங்களைக் கடையில் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யச் சொல்லலாம். நெகடிவ்கள் இருந்தால் எறியாதீர்கள்; அவையே மூலம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கூகுள் போட்டோஸில் அளவின்றி இலவசமாகச் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1 முதல் இல்லை. ஆகவே அதை மட்டும் நம்பாமல் 3 பிரதிகள் வையுங்கள்: ஒன்று உங்களிடம், ஒன்று பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ, மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம். வெள்ளமோ திருட்டோ ஒரு வீட்டுக்கு வந்தாலும் மறு வீட்டில் படம் இருக்கும்.

இனி நீங்கள் எடுங்கள்

கை நடுங்குகிறதென்று கவலைப்படாதீர்கள். முழங்கைகளை விலாவோடு சேர்த்து, சுவரில் சாய்ந்து, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே எடுங்கள். திரையைத் தொட்டால் அசையுமென்றால், பெரும்பாலான செல்போன்களில் ஒலியைக் கூட்டும் பொத்தானே படமும் எடுக்கும். நாள்தோறும் ஒரே ஒரு படம் எடுத்தாலும் சில மாதங்களில் கண் பழகிவிடும்.

எதை எடுப்பது? விழா நாளில் வரிசையாக நிற்பவர்களை எல்லாரும் எடுக்கிறார்கள். வீட்டில் தினமும் நடப்பதை நீங்கள் எடுங்கள். மீன் ஆயும் மனைவியின் கைகள், கணவர் நாளிதழ் வாசிக்கும் நாற்காலி, முதன்முதலில் குடியேறிய சால் அறையின் வாசல், தண்ணீருக்கு வரிசை வைத்த குழாயடி, ஊர் வீட்டின் கிணறு ஆகியவற்றை எடுங்கள். மறுகட்டுமானத்தில் அந்தச் சால்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுகின்றன. பின்பு எடுக்க வாசலே இருக்காது. வீட்டில் எப்போதும் படம் எடுப்பவர் ஒருவர் உண்டு. அவர் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். அவரையும் நிறுத்தி ஒன்று எடுங்கள். படத்துக்கு அழைத்தால் சமையலறைக்குள் ஒதுங்கிக்கொள்ளும் அம்மாவை, அடுப்படியிலேயே எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முற்பட்டால் களைப்பே மிஞ்சும். இந்த மாதம் 10 படங்கள் போதும். ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப்பின் பேரனையோ பேத்தியையோ அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நீங்கள் பெயரைச் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். பிள்ளைக்குத் தமிழ் எழுத வராவிட்டால், தெரிந்த எழுத்தில் எழுதட்டும். தமிழில் எழுதுவதை அந்தச் சாக்கில் நீங்கள் கற்றுக்கொடுக்கலாம்.